வாகை நிழலைத் திருடியது யார்?

இந்தக் கதையை நான் பல வருடங்களாக முழுதாக நம்பவில்லை.

நாய் பேசியது, நரி பேசியது, எருமை பதில் சொன்னது என்பதிலெல்லாம் எனக்குச் சந்தேகமே இல்லை. நரி வாயைத் திறக்காமல் இருந்தது என்று சொல்லியிருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பேன். என் தடுமாற்றம் வேறு. கதையில் எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. பிடிபடாமலே பல குழந்தைகளுக்கு இதைச் சொல்லியும் விட்டேன்.

எனக்கு இதைச் சொன்னவர் சோணமுத்துக் கீதாரி. ஊர் ஊராக ஆடுகளை ஓட்டிப் போய், அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக இரவில் அடைத்துக் கிடை போடுகிறவர். அவர் சொன்னபடியே சொல்கிறேன், ஓட்டையையும் சேர்த்து.

கோடை முற்றிய காலம். கண்மாய் வற்றிவிட்டது. மடைக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அந்தத் தண்ணீரில் ஓர் எருமை கழுத்தளவு அமிழ்ந்து படுத்திருந்தது. எருமையின் முதுகில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது.

கரையில் ஒரு பெரிய வாகை மரம். மரத்துக்கு மேற்கே ஒரு கொடாப்பு. கொடாப்பு என்றால் விளாரால் பின்னி, மேலே ஓலை வேய்ந்த கூடு. பெரிய கூடையைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். ஆடுகள் மேய்ச்சலுக்குப் போகும்போது, பிறந்து சில நாளே ஆன குட்டிகளை அதற்குள் விட்டுவிட்டுப் போவார்கள். அன்று உள்ளே இரண்டு குட்டிகள் இருந்தன.

கொடாப்புக்குப் பக்கத்தில் ஒரு முளை அடித்திருந்தது. முளையில் ஒரு கயிறு. கயிற்றின் மறு முனையில் கருவாயன் என்ற காவல் நாய் கட்டியிருந்தது. காலையில் அந்த இடத்தில் அருமையான நிழல். பக்கத்தில் ஓர் அலுமினிய வட்டிலில் தண்ணீரும் இருந்தது.

"என்னைத் தாண்டி ஓர் ஈ கூட உள்ள போக முடியாது!" என்று கருவாயன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது.

"ஈ உள்ளதான் இருக்கு மாமா. நாலஞ்சு இருக்கு" என்றது ஒரு குட்டி கூட்டுக்குள்ளிருந்து.

"ஈயை விடுங்கடா. நரியைச் சொன்னேன்!"

கண்மாய்க்குள் அடர்ந்து கிடந்த சீமைக்கருவேல முள்ளுக்குள் ஒரு நரி படுத்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு நாளாகச் சரியான தீனி இல்லை. குட்டி வாசனை மூக்கைத் துளைத்தது. ஆனால் கருவாயனின் பல் எப்படிப்பட்டது என்று அதற்கு நன்றாகத் தெரியும். அதனால் காத்திருந்தது.

வெயில் ஏறியது. கருவாயனுக்குக் கண் சொக்கியது. நிழலில் தலையைச் சாய்த்தது.

முதலில் வால் சுட்டது. வாலை இழுத்துக்கொண்டது. பிறகு பின்னங்கால் சுட்டது. காலை மடக்கிக்கொண்டது. கடைசியில் மூக்கு சுட்டது. துள்ளி எழுந்து பார்த்தால், படுத்திருந்த இடம் முழுக்க வெயில்!

"ஐயோ! என் நிழலைக் காணோம்!"

இந்தச் சத்தம் கேட்டதும் நரி முள்ளை விட்டு வெளியே வந்தது.

"என்ன அண்ணே, என்ன காணோம்?"

"நீ ஏன் இங்க வந்த? தள்ளி நில்லு!"

"தள்ளித்தான் நிக்கிறேன். உங்க கயிறு எவ்வளவு தூரம் வரும்னு எனக்குத் தெரியாதா? விசயத்தைச் சொல்லுங்க."

"நிழல்! காலையில இங்கதான் கிடந்துச்சு. அதுமேலதான் படுத்திருந்தேன். லேசா கண் அசந்தேன். எவனோ உருவிட்டுப் போயிட்டான்!"

நரிக்குச் சிரிப்பு வந்தது. இருமுவது போல அதை மறைத்துக்கொண்டது.

"திருட்டா! காவல்காரன் படுத்திருந்த இடத்துலயே திருட்டா! வெளியில தெரிஞ்சா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

கருவாயனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "வெளியில சொல்லிடாதடா" என்றது, குரலைத் தாழ்த்தி.

"நான் சொல்லுவேனா? இப்பவே கண்டுபிடிச்சிருவோம். நிழல் என்ன நிறம்?"

"கறுப்பு."

"பெரிசா, சின்னதா?"

"நல்லாப் பெரிசு."

"இந்தக் கண்மாயில கறுப்பா, பெரிசா, எந்நேரமும் குளுகுளுன்னு இருக்கிறது யாரு அண்ணே?"

கருவாயன் மெதுவாகத் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தது. அதன் கண்கள் விரிந்தன.

"ஏ எருமை! நிழல் திருடி! என் நிழலைக் கக்கு!"

எருமை ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

"கொழுந்தனாரே, அவன் யாரைத் திட்டுறான்?"

"உங்களைத்தான் மதினி. அவன் நிழலைத் தின்னுட்டீங்களாம்" என்றது கொக்கு.

"நிழலையா? தின்ன வைக்கோலே எனக்குச் செரிக்க மாட்டேங்குது!"

கொக்கு சிரித்துச் சிரித்து முதுகிலிருந்து வழுக்கி விழப் பார்த்தது. எருமை சிரிக்கவில்லை. "போன வருசம் இவன் காதுல முள்ளு ஏறினப்ப நக்கி எடுத்துவிட்டவ நான். என்னைத் திருடின்னுட்டான் பாருங்க. இனி அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நரி எதிர்பார்த்தது இதைத்தான். உதவிக்கு வரக்கூடியவர் ஒருவர் குறைந்தார்.

"அவ கக்க மாட்டா அண்ணே. ஆனா அவ திங்காம விட்ட மிச்சம் அங்க ஒளிஞ்சிருக்கு பாருங்க! மரத்துக்கு அந்தப் பக்கம்!"

கருவாயன் பார்த்தது. உண்மைதான்! மரத்துக்குக் கிழக்கே நிழல் மெல்ல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே தாவு தாவியது. கயிறு கழுத்தைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளியது.

"நேரா போனா அது ஓடிரும். சுத்தி வந்து மடக்குங்க!" என்று நரி கத்தியது.

கருவாயன் முளையைச் சுற்றி ஓடியது.

"திரும்பாதீங்க! அப்படியே அதே பக்கமாச் சுத்துங்க! இதோ இப்ப மாட்டிரும்!"

"மாமா, எதுக்கு சுத்துறீங்க?" என்று ஒரு குட்டி கேட்டது.

"விசாரணை நடக்குதுடா! சும்மா இருங்க!"

ஏழு சுற்று சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் கயிறு முளையில் சுருண்டு சுருண்டு குறைந்தது. கடைசியில் ஒரு முழம்தான் மிச்சம். நிழலும் எட்டவில்லை, தண்ணீர் வட்டிலும் எட்டவில்லை. எட்டியிருந்தாலும் பயனில்லை. வெயிலில் கிடந்து கிடந்து அந்தத் தண்ணீர் டீ போடும் பக்குவத்துக்கு வந்திருந்தது.

கருவாயன் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கியது.

"என்ன அண்ணே இது? நாக்கைத் தொங்கப் போட்டா எந்தத் திருடன் பயப்படுவான்? வாயை மூடி முறைச்சுப் பாருங்க. நடுநடுவுல நல்லாக் குரைங்க. சத்தத்துக்குப் பயந்து நிழல் தானா திரும்பி வரும்!"

மனிதனுக்கு வெப்பம் தாங்காவிட்டால் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும். நாய்க்கு அந்த வசதி கிடையாது. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதற்குப் பெரிய வழி. அந்த வழியையும் கருவாயன் அடைத்துக்கொண்டது. வாயை மூடி முறைத்தது, குரைத்தது, மறுபடி முறைத்தது. உள்ளே இருந்த சூடு உள்ளேயே நின்றது. கீழே மண் பாதத்தைச் சுட்டது. ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கி நின்றது. வாயோரம் எச்சில் கோந்து போல வழிந்தது. பின்னங்கால்கள் நடுங்கின.

"மாமா, குடிக்கத் தண்ணி இல்லையா உங்களுக்கு?" என்று குட்டி கேட்டது.

கருவாயன் பதில் சொல்லப் பார்த்தது. குரல் வரவில்லை. கண்மாயும் மரமும் ஒருமுறை சுற்றின. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது.

நரி கொஞ்ச நேரம் பார்த்தது. ஒரு கல்லை உருட்டிவிட்டுப் பார்த்தது. நாயிடம் அசைவில்லை.

"விசாரணை முடிஞ்சது" என்று சொல்லிக்கொண்டு கொடாப்புக்குப் பின்னால் போய், விளிம்புக்கு அடியில் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தது.

பள்ளத்தில் கொக்கு கழுத்தை நீட்டியது.

"மதினி, சத்தம் நின்னு போச்சு."

"நல்லதாப் போச்சு."

"நல்லதில்ல மதினி. அவன் வெயில்ல படுத்துக் கிடக்கான். வெயில்ல எந்த நாய் தூங்கும்?"

எருமை ஒரு காதை மட்டும் கரைப் பக்கம் திருப்பியது.

இந்த இடம் வந்ததும் சோணமுத்துக் கீதாரி எப்போதும் நிறுத்திவிடுவார். சொம்பை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். அதற்குப் பிறகுதான் மேலே சொல்வார்.

"என்னைத் திருடின்னான்" என்றது எருமை.

"சொன்னான்."

"நிழலைக் கக்குன்னான்."

"ஆமா. அதையும் சொன்னான்."

எருமை பெருமூச்சு விட்டது. தண்ணீரில் குமிழ் கிளம்பியது.

"சரி, வாங்க. போய் ஒரு நிழலைக் கக்கிட்டு வருவோம்!"

எருமை எழுந்தது. சேறும் தண்ணீரும் அருவி போல வழிய, கரை ஏறி நேராகக் கருவாயனிடம் போனது. நான்கு கால்களுக்கும் நடுவில் நாய் கிடக்கும்படி நின்றது. அந்தப் பெரிய கறுத்த உடம்பின் நிழல் நாயின் மேல் விழுந்தது. வயிற்றிலிருந்து குளிர்ந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக நாயின் வயிற்றில் விழுந்தது.

"மாமா! நரி! உள்ள வந்துட்டான்!" என்று குட்டிகள் அலறின.

நரி தோண்டிய குழி வழியே முழு உடம்பையும் உள்ளே நுழைத்திருந்தது. எருமை நின்ற இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி, ஒரு கொம்பைக் கொடாப்பின் விளிம்பில் கொடுத்துத் தூக்கியது. இரண்டு குட்டிகளும் வெளியே பாய்ந்தன. நரியும் பாய்வதற்குத் திரும்பியது. அதற்குள் எருமை கொம்பை உருவிக்கொண்டது. கொடாப்பு தொப்பென்று விழுந்தது. நரி உள்ளே, அதன் வால் மட்டும் விளிம்புக்கு அடியில் நசுங்கி வெளியே!

"ஆ! வாலு! வாலு!"

"காணாமப் போன நிழல் உள்ள இருக்கா பாரு, தம்பி!" என்று கொக்கு கொடாப்பின் மேல் ஏறி நின்று கேட்டது.

"கேலி அப்புறம். முதல்ல இவனைப் பாருங்க" என்றது எருமை.

முளையைக் கொம்பால் நெம்பிப் பிடுங்கியது. கருவாயனை மூக்கால் மெல்ல மெல்ல நகர்த்தி, மரத்துக்குக் கிழக்கே நல்ல நிழலில் சேர்த்தது. பிறகு பள்ளத்துக்கு ஓடியது. அந்த எருமை அதற்கு முன் ஓடியதை யாரும் பார்த்ததில்லை! தண்ணீரில் புரண்டு திரும்பி வந்து, நாயின் வயிற்றிலும் கால்களிலும் படும்படி உடம்பை உதறியது. மறுபடி ஓடியது. மறுபடி உதறியது. குட்டிகள் இரண்டு பக்கமும் நின்று நீளமான காதுகளை ஆட்டி ஆட்டி விசிறின.

கொக்கு அலகில் தண்ணீர் கொண்டுவந்தது.

"மொத்தமா ஊத்திடாதீங்க கொழுந்தனாரே. மூக்குல ஏறிடும். நாக்கு நனைஞ்சாப் போதும். முழிச்சதும் அவனே கொஞ்சம் கொஞ்சமா நக்கிக் குடிக்கட்டும்."

ஒரு சொட்டு. இரண்டு சொட்டு. கருவாயன் அசையவில்லை.

"மாமா, நாங்க வெளியில வந்துட்டோம். திட்டுங்க மாமா" என்றது சின்னக் குட்டி. அதற்கு அழுகை முட்டியது.

கருவாயனின் நாக்கு நுனி அசைந்தது. பிறகு கண் திறந்தது. தலைக்கு நேர் மேலே கறுப்பாக, பெரிதாக, ஈரமாக ஒரு வயிறு தெரிந்தது.

"அத்தை... நிழலைக் கக்கிட்டீங்களா?"

கொக்கு சிரித்த சிரிப்பில் அலகிலிருந்த தண்ணீர் முழுவதும் சிந்தியது. இந்த முறை எருமையும் சிரித்தது.

"அட முட்டாப்பயலே! நிழலை யாரும் திருட மாட்டாங்க. அது நடக்கும். காலையில மரத்துக்கு மேக்கே கிடக்கும். உச்சி தாண்டினா கிழக்கே வந்துரும். நான் இந்தப் பள்ளத்துக்குள்ளயே ஒரு நாளைக்கு நாலு தடவை இடம் மாறிப் படுக்கிறேன். நிழல் நடந்தா நாமளும் கூட நடக்கணும்."

"நான் எப்படி அத்தை நடப்பேன்?" என்று கருவாயன் கேட்டது. அதன் கழுத்தில் கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

எருமை கயிற்றைப் பார்த்தது. கொக்கும் பார்த்தது. இருவரும் பதில் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் கொடாப்புக்குள்ளிருந்து முனகல் வந்தது. "வேகுது அண்ணே! உள்ள காத்தே இல்ல! மண்ணு சுடுது!"

"நல்லா வேகட்டும்" என்றது எருமை.

கருவாயன் தட்டுத் தடுமாறி எழுந்து உட்கார்ந்தது. "வேண்டாம் அத்தை. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அவனையும் கூட்டோட நிழலுக்குத் தள்ளிவிடுங்க."

"தள்ளினா வாலு விடுபட்டுரும். ஓடிருவான்."

"ஓடட்டும்."

எருமை முணுமுணுத்துக்கொண்டே கொடாப்பை நெற்றியால் முட்டி நிழல் பக்கம் தள்ளியது. வழியில் விளிம்பு ஒரு கல்லில் ஏறி இறங்கியது. அந்த ஒரு நொடி போதும்! நரி வாலை உருவிக்கொண்டு வெளியேறி ஒரே ஓட்டம் ஓடி முள்ளுக்குள் மறைந்தது. கொஞ்சம் மயிர் மட்டும் விளிம்பில் ஒட்டியிருந்தது.

"நாளைக்கே திரும்பி வருவான் பாரு" என்றது கொக்கு.

"வரட்டும். நிழல் என்ன நிறம்னு கேட்டா இனி நான் பதில் சொல்ல மாட்டேன்!" என்றது கருவாயன். சொல்லிவிட்டு, நாக்கை முழம் நீளத்துக்குத் தொங்கப் போட்டு, வெட்கமே இல்லாமல் இரைத்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஆடுகள் திரும்பி வந்தன. மேற்கே இருந்த கொடாப்பு கிழக்கே இருந்தது. முளை பிடுங்கிக் கிடந்தது. கழுத்துவரை சேறு பூசிய கருவாயனின் வயிற்றில் தலை வைத்து இரண்டு குட்டிகளும் தூங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தது. விளிம்பில் ஒரு பிடி நரி மயிர்.

"இவ்வளவும் நான் கண்ணால பார்த்தது. மிச்சம் அதுக பேசிக்கிட்டது" என்று கீதாரி முடிப்பார்.

போன சித்திரையில் அவருடைய கிடைக்குப் போயிருந்தேன். கத்திரி வெயில். ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். குட்டிகள் கொடாப்பில் இருந்தன. பக்கத்தில் ஒரு நாய் கட்டியிருந்தது. கருவாயனின் பேரன் வழி என்றார். இந்தக் கதையை மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். சொம்பை எடுக்கும் இடத்தில் சொம்பை எடுத்தார். கடைசியில் எப்போதும் சொல்கிற நீதியையும் சொன்னார்.

"நரி பேச்சைக் கேட்டா நாய்க்கு நிழல் தங்காது, தம்பி. அம்புட்டுத்தான் கதை."

சொல்லிவிட்டு எழுந்து போனார். நாயின் முளையைப் பிடுங்கி, நிழல் நகர்ந்த பக்கம் கொண்டுபோய் அடித்தார். வட்டிலில் இருந்த தண்ணீரைக் கொட்டினார். மரத்தடிப் பானையிலிருந்து புதுத் தண்ணீர் ஊற்றினார். நாயின் தலையில் ஈரக் கையை வைத்து ஒரு நிமிடம் நின்றார். நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து அது நான்காவது முறை.

நிழல் திருட்டுப் போகாது என்று எருமை சொன்னதும், அப்போது கருவாயன் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததும் எனக்குச் சேர்ந்து ஞாபகம் வந்தன. இத்தனை வருடமாக நானும் குழந்தைகளிடம் "முளை அடித்திருந்தது, நாய் கட்டியிருந்தது" என்று அந்த இடத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன். நாயையும் நரியையும் குறை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். கேட்டால் அவர் மனம் நோகுமோ, கேட்காமல் இன்னொரு குழந்தைக்கு இதைச் சொல்வது சரியா என்று கொஞ்ச நேரம் குழம்பினேன்.

ஒரு நாயைக் கட்டிப் போடுகிற கைக்கு, நிழல் நகரும்போதெல்லாம் அதன் முளையையும் தண்ணீரையும் நகர்த்துகிற வேலை சேர்ந்தேதான் வருகிறது என்பதே இந்தக் கதையின் நீதி.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன்:

"அண்ணே, அன்னைக்குக் காலையில கருவாயனை அந்த இடத்துல கட்டிட்டுப் போனது யாரு?"